500 ரூபாயை 5,000 ஆக்கியது யார்? கேபிள் விதிகளும் நாடாளுமன்றமும்

மேலூர்ப் பக்கம் கேபிள் தொழில் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டது இது: "வருஷா வருஷம் தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். 2025 ஜனவரியில் திடீரென்று எல்லாம் ஆன்லைன், கட்டணம் 5,000 என்று விதியை மாற்றிவிட்டார்கள். இதை நாடாளுமன்றத்தில் வைத்து ஓட்டெடுத்துத்தான் செய்தார்களா? இல்லையென்றால் நம்ம எம்.பி.யிடம் சொல்லி நிறுத்த முடியுமா?"

தம்பி, ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. எம்.பி. ஒருவர் தனியாக நிறுத்த முடியாது. இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் நிறுத்தலாம். ஆனால் என் ஆதங்கம் வேறு. உங்கள் தொழிலையும் என் வீட்டு டி.வி.யையும் தொடுகிற பல உத்தரவுகள் நாடாளுமன்றத்தின் முன்னால் வைக்கப்பட வேண்டியவையே அல்ல. உங்கள் 5,000 ரூபாயாவது அந்த வாசல் வழியாகப் போக வேண்டிய ஒன்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வக்கீலாகக் கேபிள்காரர்களுக்காகச் சில வழக்குகள் நடத்தியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் வேறு, விதி வேறு. இதை நம் ஊர்க்காரருக்குச் சொல்ல ஜல்லிக்கட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தது. ஆனால் வாடிவாசலுக்கு அப்பால் தடுப்பு எப்படி இருக்க வேண்டும், மாடுபிடி வீரர் திமிலை எவ்வளவு தூரம் வரை பிடித்து ஓடலாம், டாக்டர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதே வருஷம் அரசு தனியாக வெளியிட்ட விதிகளில் இருக்கிறது. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் விழாக்கமிட்டிக்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு அலைவது விதியைத்தான், சட்டத்தை அல்ல.

கேபிளுக்கும் அதே கதைதான். 1995ஆம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்ஸ் ஒழுங்குமுறைச் சட்டம் சின்னச் சட்டம். அதற்கான விதிகள் 1994ஆம் வருஷத்தவை. விதி எப்படிச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தது என்று கேட்பீர்கள். 1994 செப்டம்பரில் முதலில் அவசரச் சட்டம் வந்தது, அதன் கீழ் விதிகள் வந்தன, அப்புறம்தான் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. தலைமைத் தபால் அதிகாரியிடம் பதிவு, 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, 500 ரூபாய் என்பதெல்லாம் அந்த விதிகளில் இருந்தவை. 2025 ஜனவரி 17 அன்று ஒன்றிய அரசு அரசிதழில் திருத்தம் வெளியிட்டது. பதிவு செய்யும் அதிகாரம் தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்துக்குப் போனது, எல்லாம் பிராட்காஸ்ட் சேவா போர்ட்டல் என்ற அதன் இணையதளம் வழியாக ஆனது, பதிவுக்காலம் 5 வருஷம், கட்டணம் 5,000. கணக்குப் போட்டால் 5 வருஷத்துக்கு 2,500 ஆக இருந்தது இரட்டிப்பாகியிருக்கிறது, பத்து மடங்கு அல்ல. தபால் நிலைய எல்லைக்குள் மட்டும் என்றிருந்த பதிவு இப்போது நாடு முழுக்கச் செல்லும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மேலூர்க்காரர் மேகாலயாவில் கேபிள் இழுக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

சரி, நாடாளுமன்றம் எங்கே வருகிறது? அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவில். விதி எழுதும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுக்கும் அதே பிரிவு, கடைசியில் ஒரு கடிவாளமும் போடுகிறது. எழுதிய ஒவ்வொரு விதியையும் "இயன்ற விரைவில்" இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும். அவை கூடியிருக்கும் காலத்தில் மொத்தம் 30 நாள் அது அங்கே கிடக்க வேண்டும். அந்த 30 நாள் ஒரே கூட்டத்தொடரில் முடியாவிட்டால் அடுத்த தொடரிலும் எண்ணிக்கொள்ளலாம். அதற்கடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரண்டு அவைகளும் சேர்ந்து "இதைத் திருத்து" என்றோ "இது வேண்டாம்" என்றோ சொன்னால், அன்றிலிருந்து விதி அப்படியே மாறும், அல்லது செத்துவிடும்.

இதில் மூன்று சூட்சுமம் இருக்கிறது. ஒன்று, விதி அரசிதழில் வந்ததுமே உயிர் பெற்றுவிடுகிறது. நாடாளுமன்றம் பார்ப்பது பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில்தான். இரண்டு, மக்களவை மட்டும் வேண்டாம் என்றாலோ மாநிலங்களவை மட்டும் வேண்டாம் என்றாலோ போதாது, இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று, ரத்தானாலும் அதுவரை அந்த விதிப்படி நடந்தவை செல்லும். நீங்கள் கட்டிய 5,000 திரும்பி வராது.

தேதிகளை வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். சேனல்கள் மீதான புகார்களுக்கு மூன்றடுக்கு முறை கொண்டுவந்த திருத்த விதி 2021 ஜூன் 17 அன்று வெளியானது. அன்று நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 19இல் தொடங்கி ஆகஸ்ட் 11இல் முடிந்தது. நாட்காட்டியில் எண்ணினால் 24 நாள், உட்கார்ந்து பேசியது 17 நாள், அதிலும் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய அமளியில் பாதி போனது. முதல் நாள் காலையிலேயே விதியை வைத்திருந்தாலும் 30 நாள் நிறையவில்லை. குளிர்காலக் கூட்டம் நவம்பர் 29இல்தான் ஆரம்பித்தது. அதற்குள் அந்த விதிக்கு அரை வயது ஆகிவிட்டது. சேனல்கள் அதன்படி அமைப்புகளில் சேர்ந்து, பதிவு வாங்கி, புகார் அதிகாரி போட்டாயிற்று. இவ்வளவு நடந்த பிறகு எந்த எம்.பி. எழுந்து "எல்லாவற்றையும் கலைப்போம்" என்பார்?

ஒருவர் எழுந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒளிபரப்பு விதி அல்ல, பக்கத்து வீட்டு இணைய விதி. பிறர் போடும் பதிவுகளைத் தாங்கும் இணைய நிறுவனங்களுக்காக 2011 ஏப்ரலில் வந்த இடைநிலையர் வழிகாட்டு விதிகளை ரத்து செய்யக் கோரி கேரளத்தைச் சேர்ந்த எம்.பி. பி. ராஜீவ், 2012 மே 17 அன்று மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். கட்சி வேறுபாடு இல்லாமல் பலர் பேசினார்கள். அப்போதைய அமைச்சர் கபில் சிபல் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுவதாக உறுதி கொடுத்தார். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. அன்றைய விவாதத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதி அப்படியே நின்றது என்பதுதான் நடந்தது.

அவையைவிட உபயோகமான இடம் ஒன்று உண்டு. செய்தியில் அதிகம் வராது. அரசு எழுதும் விதிகளை ஆராயும் சார்நிலைச் சட்டக் குழு. மக்களவையில் 1953இலிருந்து இருக்கிறது, மாநிலங்களவையில் 1964இலிருந்து. தலா 15 எம்.பி.க்கள், அமைச்சர்கள் இருக்கக் கூடாது. மூடிய அறையில் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். கேட்கும் கேள்விகளும் நன்றாக இருக்கும். இந்த விதி தாய்ச் சட்டத்தின் நோக்கத்துக்குள் நிற்கிறதா, சட்டமாகவே வந்திருக்க வேண்டியதை விதியில் ஒளித்திருக்கிறார்களா, நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைக்கிறதா, முன்தேதியிட்டு அமலாகிறதா, வரி போடுகிறதா, கொடுத்த அதிகாரத்தை யாரும் எதிர்பார்க்காத வகையில் பயன்படுத்தியிருக்கிறார்களா, வெளியிடவோ அவை முன் வைக்கவோ காரணமில்லாமல் தாமதித்தார்களா? "இயன்ற விரைவில்" என்ற வழவழா வார்த்தைக்கு, அவை கூடியிருந்தால் 15 நாள், இல்லாவிட்டால் அடுத்த தொடர் ஆரம்பித்த 15 நாள் என்று அளவு சொன்னதும் இந்தக் குழு வழக்கம்தான்.

ராஜீவ் தோற்ற அதே இணைய விதிகளை மக்களவைக் குழு 2013 மார்ச்சில் தன் அறிக்கையில் கையிலெடுத்தது. தெளிவில்லாத சொற்களுக்கு விளக்கம் வேண்டும் என்று கேட்டது. இரண்டு வருஷம் கழித்து, 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளில் ஒன்றின் பொருளைச் சுருக்கிப் படித்தது. குழு சொன்னதால்தான் நீதிமன்றம் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவையில் தோற்றது குழுவில் எழுத்தாகப் பதிவானது. எழுத்தில் இருப்பதை வக்கீல் எடுத்துக் காட்டலாம். குழுவுக்குக் குறையும் உண்டு: பரிந்துரைதான் செய்ய முடியும், உத்தரவு போட முடியாது. கொள்கை சரியா தப்பா என்று பேசவும் மாட்டார்கள். 5,000 அதிகம் என்று முறையிட்டால் காது கொடுக்க மாட்டார்கள். 5,000 வாங்கச் சட்டத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது கொஞ்சம் நின்று நிகழ்ச்சி விதித்தொகுப்பைப் பார்க்கலாம். ப்ரோகிராம் கோட் என்று நீங்கள் சொல்வது. உங்களில் பலர் உள்ளூர் சேனல் நடத்துகிறீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதையும் அவனியாபுரம் வாடிவாசலையும் நேரலையாகக் காட்டுகிறீர்கள். எதைக் காட்டக் கூடாது என்று நாடாளுமன்றம் சொல்லியிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்தால், "வகுத்துரைக்கப்பட்ட நிகழ்ச்சித் தொகுப்புக்கு இணங்காத எதையும் ஒளிபரப்பக் கூடாது" என்று மட்டும் இருக்கும். அந்தத் தொகுப்பு 6ஆம் விதியில், அதாவது அமைச்சகம் எழுதிய விதியில் இருக்கிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது, அரை உண்மைகள் கொண்டது என்று நீளும் பட்டியல் எம்.பி.க்கள் எழுதியது அல்ல. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது என்பதும் 2015இல் விதித்திருத்தமாகத்தான் நுழைந்தது. அந்தக் குறிப்பிட்ட தடையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கதவு வழியாக வந்தது என்பதுதான் என் பேச்சு. 2023இல் பல சட்டங்களில் தண்டனைகளைத் தளர்த்திய ஜன் விஸ்வாஸ் சட்டம் கேபிள் சட்டத்தின் 16ஆம் பிரிவிலிருந்த சிறைத் தண்டனையை எடுக்கும் வரை, முதல் தடவை மீறினால் 2 வருஷம் வரை, மறுபடி மீறினால் 5 வருஷம் வரை ஜெயில். குற்றம் என்ன என்பதை அமைச்சகம் எழுத, தண்டனை என்ன என்பதை நாடாளுமன்றம் எழுதியிருந்தது.

பல வருஷம் முன்பு எனக்கு வழக்கு கொடுத்த கேபிள்காரர் ஒருவருக்கு, திருவிழா நேரலையின் நடுவே போட்ட ஆடல் பாடல் நிகழ்ச்சிக்காக நோட்டீஸ் வந்தது. "நல்ல ரசனை என்றால் என்ன சார்?" என்று அதிகாரியிடம் கேட்டேன். "ரூல்ல இருக்கு சார்" என்றார். அந்த வார்த்தை ரூலில் இருந்தது, பொருள்தான் எங்கும் இல்லை. இதைத்தான் குழு பார்க்க வேண்டும். இந்த மாதிரிச் சொற்களைத்தான் பிடித்து ஆட்ட வேண்டும்.

இனி என் உண்மையான ஆதங்கத்துக்கு வருகிறேன். 22ஆம் பிரிவு "விதி" என்கிறது. விதி என்ற பெயர் இல்லாமல் வரும் காகிதத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

2022 நவம்பர் 9 அன்று அமைச்சகம் சேனல்களுக்கான அப்லிங்கிங், டவுன்லிங்கிங் (செயற்கைக்கோளுக்கு அனுப்புவதும் அங்கிருந்து இறக்குவதும்) வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு சாட்டிலைட் சேனல் இந்தியாவில் பிறப்பதும் சாவதும் இதில்தான் இருக்கிறது. விளையாட்டு, வனவிலங்கு போன்ற சில வகைகள் நீங்கலாக ஒவ்வொரு சேனலும் தேசிய முக்கியத்துவமும் சமூகப் பொருத்தமும் உள்ள நிகழ்ச்சிகளை தினமும் 30 நிமிடம் காட்ட வேண்டும் என்ற கடமையும் இதில்தான் இருக்கிறது. கல்வி, விவசாயம், சுகாதாரம் என்று நல்ல தலைப்புகள்தான். ஆனால் தனியார் சேனலின் நேரத்தில் தினமும் அரை மணி எடுப்பது சின்ன விஷயமா? அது கேபிள் சட்டத்தின் விதியாக வந்திருந்தால் அவை முன் போயிருக்கும், 30 நாள் கிடந்திருக்கும், குழு கேள்வி கேட்டிருக்கலாம். நெறிமுறையாக வந்ததால் அந்த வழி இல்லை. மலையாளச் செய்திச் சேனல் மீடியாஒன் அனுமதியை இழந்ததும் இந்த வகை நெறிமுறையின் பாதுகாப்புச் சான்று நிபந்தனையில்தான். 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் சேனல் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் பார்க்காத இடத்தை நீதிமன்றம் பார்க்க வேண்டியதாயிற்று; அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்தது விலை. 2019 பிப்ரவரியில் எங்கள் அம்மாவின் சீரியல் ஒருநாள் மாலை திரையிலிருந்து காணாமல் போனது, நினைவிருக்கும். நூறு சேனலுக்கு 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்குத் தனியாக என்று புது முறை வந்த நாட்கள். அதுவரை அரசு கேபிளில் 70 ரூபாய்க்குப் பார்த்த வீடுகள் எங்கள் தெருவில் ஏராளம். அம்மா கேபிள்காரப் பையனைத்தான் திட்டினார். பையன் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயைத் திட்டினான். டிராய் 2017இல் அதை வெளியிட்டபோது மூன்று ஆவணங்கள் இருந்தன: இணைப்பு ஒழுங்குமுறை, சேவைத்தர ஒழுங்குமுறை, கட்டண ஆணை. டிராய் சட்டத்தின் 37ஆம் பிரிவு அவை முன் வைக்கச் சொல்வது விதிகளையும் ஒழுங்குமுறைகளையும். கட்டண ஆணை 11ஆம் பிரிவின் கீழ் அரசிதழில் வருகிறது. 37இல் அதன் பெயர் இல்லை. அதாவது செட்டாப் பாக்ஸ் புகாரை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பது எம்.பி.க்கள் முன் போகும். அம்மா எவ்வளவு கட்ட வேண்டும் என்பது போக வேண்டியதில்லை. அந்த அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பை 2024 ஜூலையில் எடுத்துவிட்டதும் ஆணைத் திருத்தத்தால்தான்.

ஒன்று சொல்லாவிட்டால் டிராய்க்கு அநியாயம் செய்தவனாவேன். அவர்கள் ஆணை போடுவதற்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிடுகிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், வந்த கருத்துகளை இணையத்தில் போடுகிறார்கள், எல்லோரும் வந்து பேசலாம் என்று திறந்த கூட்டம் வைக்கிறார்கள். வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. கேபிள் சட்டத்தில் அமைச்சகத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நாடாளுமன்றத்தைவிட டிராய் வாசல் சின்ன ஆபரேட்டருக்குத் திறந்திருக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சட்டம் எழுதுகிறவர்களுக்குக் கெட்டியான கடிவாளம் போடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1990ஆம் வருஷத்துப் பிரசார் பாரதி சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள்: வானொலியும் தூர்தர்ஷனும் சட்டப்படி நடக்கின்றனவா என்று கண்காணிக்க மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7, ஆக 22 எம்.பி.க்கள் கொண்ட குழு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கேபிளுக்கு 30 நாள் அவையின் மேஜையில் கிடப்பது மட்டும்தான்.

அவை முன் வைக்காவிட்டால் விதி செல்லாது என்று வாதாடலாமே என்று இளம் வக்கீல்கள் என்னிடம் கேட்பார்கள். 1979இல் அட்லஸ் சைக்கிள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் சும்மா "வைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்த நிபந்தனை வழிகாட்டும் தன்மையதுதான், வைக்காததால் ஆணை செத்துவிடாது என்றது. அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி வழக்குப் போடச் சொல்லி யாரையும் நான் அனுப்புவதில்லை.

ஆகவே தம்பி, எம்.பி. அலுவலகத்துக்குப் போவதென்றால் "நிறுத்துங்கள்" என்று போகாதீர்கள். ஒரு பக்கத்தில் கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள். 2025 ஜனவரித் திருத்தம் எந்தத் தேதியில் இரு அவைகளின் முன் வைக்கப்பட்டது? 5,000 என்ற தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது, சின்ன ஆபரேட்டர்களிடம் கருத்துக் கேட்டார்களா? மேல்முறையீடு டெல்லியில் உள்ள சார்புச் செயலாளரிடம் என்றால், மேலூரில் இருப்பவர் 30 நாளில் எப்படிப் போய்ச் சேருவார்? இவற்றை எழுத்துமூலக் கேள்வியாகப் போட எம்.பி.க்குப் பத்து நிமிடம் போதும், கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதே காகிதத்தின் நகலைச் சார்நிலைச் சட்டக் குழுவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். 2023 நவம்பரில் வெளியிட்ட ஒளிபரப்புச் சேவைகள் மசோதா வரைவு கேபிள் சட்டத்தின் இடத்துக்கே வர எழுதப்பட்டது. அதில் "வகுத்துரைக்கப்படும்", அதாவது பிறகு விதியில் எழுதிக்கொள்ளலாம், என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் சுழித்துக் காட்டுங்கள். எம்.பி.யின் ஓட்டு நிஜமாகச் செல்லுபடியாகும் நேரம் மசோதாவாக இருக்கும்போதுதான்.

அதற்கு முன், வீட்டு வேலை ஒன்று. தபால் நிலையத்தில் வாங்கிய சான்றிதழ் அதில் போட்ட தேதி வரை செல்லும், ஆனால் புதுப்பிக்க 90 நாள் முன்பே போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். பீரோவிலிருந்து எடுத்துத் தேதியைப் பாருங்கள். 90 நாளுக்குள் வந்துவிட்டாலோ தேதி தாண்டிவிட்டாலோ எம்.பி.யைப் பிறகு பார்க்கலாம், முதலில் இ-சேவை மையத்துக்குப் போங்கள்.